வகிட்டோரம் நுண்ணூசி: 16 மாத அனுபவம்

பாலக்கோட்டில் ஆசிரியப் பணியில் இருக்கும் எனக்கு வயது 39. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் உச்சந்தலை வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே வந்தது. பின்னலிட்டுப் பூ வைத்திருந்தும் வகிட்டின் இருபுறமும் தோல் வெளுப்பாகத் தெரிவதைப் பள்ளி ஆண்டு விழாப் புகைப்படத்தில் பார்த்த அன்றுதான் இதற்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிக் கையில் எடுத்ததுதான் நுண்ணூசி, அதாவது தலைத்தோலில் நுண்ணிய ஊசிகளால் துளையிட்டு முடி வளர்ச்சியைத் தூண்டும் முறை. வீட்டில் அத்தை முதல் அனைவரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குறை கூறினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் புளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம். பிடரி முடி அடர்த்தியாகவே இருக்க, வகிட்டோரம் மட்டும் மெலிந்துகொண்டு வருவது பெரும்பாலும் மரபுவழி முடியிழப்பின் அடையாளம். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே வகிடுதான்.

மருத்துவரிடம் போகும் முன்பே 0.5 மில்லிமீட்டர் ஊசிகள் கொண்ட டெர்மாரோலர் என்னும் கை உருளை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அது நான் செய்த முதல் தவறு. இந்த உருளை குட்டை முடிக்கு ஏற்றது. நீள முடியில் உருட்டினால் முடி ஊசிகளில் சிக்கிச் சுற்றிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். சீக்கிரம் பலன் வேண்டும் என்று வாரம் மூன்று முறை உருட்டினேன். ஒருநாள் உருட்டி முடித்த கையோடு, முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் கரைசலையும் தடவிவிட்டேன். தலை தீயாக எரிந்தது, அரை மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. மினாக்ஸிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்த மருந்து என்பதையும், புதிதாகத் துளையிட்ட தோல் வழியே அது வழக்கத்தைவிட அதிகமாக உடலுக்குள் போகும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

அதன்பின் தருமபுரியில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), தைராய்டு பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். என் ஃபெரிட்டின் 11 மட்டுமே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும், இரவில் ஒருமுறை 5 சதவீத மினாக்ஸிடிலும் தொடங்கி, இரண்டு மாதம் கழித்தே ஊசிக்கு வரச் சொன்னார். அந்த இரண்டு மாதங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. மினாக்ஸிடில் தொடங்கிய சில வாரங்களில், ஓய்வு நிலையில் இருக்கும் பழைய முடி ஒருசேர உதிர்வது இயல்பு என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருக்காவிட்டால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

மருத்துவமனையில் பயன்படுத்தியது பேனா வடிவக் கருவி. வகிடு வகிடாகப் பிரித்து நேர்க்குத்தாக ஊசி இறக்குவதால் முடி சிக்குவதில்லை. மரத்துப்போகும் களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் பத்து நிமிட வேலை. வலி பொறுத்துக்கொள்ளக்கூடியதே, நெற்றியை ஒட்டிய பகுதியில் மட்டும் கண்ணில் நீர் வந்தது. தோல் சிவந்ததும் நிறுத்திவிடுவார். இரத்தம் வடியும்வரை போவதில்லை. அன்று மினாக்ஸிடில் கூடாது, மறுநாள்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் சில நாள் தள்ளிப்போட வேண்டும். பேருந்தில் ஊர் திரும்பும்போது புழுதி படாமல் இருக்கத் துவைத்த பருத்தித் துணியைத் தலையில் போட்டுக்கொள்வேன். மாதம் ஒருமுறை, ஒரு தடவைக்கு 1,800 ரூபாய் என ஆறு முறை போட்டுக்கொண்டேன்.

ஊசி குத்தினால் முடி வளர்வதேன் என்று அத்தை கேட்டார். சிறு காயத்தை ஆற்ற உடல் அனுப்பும் வளர்ச்சிக் காரணிகள் அருகிலுள்ள மயிர்க்கால்களையும் தூண்டுகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மும்பையில் 100 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 12 வாரம் மினாக்ஸிடிலுடன் வாரந்தோறும் ஊசியும் பெற்றவர்களுக்கு, தலையில் குறித்துவைத்து எண்ணிய சிறு பகுதியில் முடி எண்ணிக்கை சராசரியாக 91 கூடியது. மினாக்ஸிடில் மட்டும் பெற்றவர்களுக்கு 22 கூடியது. அந்த வேறுபாடே எனக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அது ஆண்களிடம் குறுகிய காலத்துக்கு நடந்த ஆய்வு என்பதை நினைவில் வைத்தே என் கணக்கை நான் தனியாக எழுதி வந்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, அதே சன்னலருகே, வகிட்டின் மேல் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். நான்காம் மாதம் வகிட்டோரம் பூனைமுடி போல மெல்லிய குட்டை முடிகள் நின்றன. எட்டாம் மாதம் அவை கறுத்துத் தடித்தன. 9 மில்லிமீட்டராக இருந்த வகிடு 6 ஆனது. அதன்பிறகு இன்றுவரை அந்த அளவிலேயே இருக்கிறது. காதோரமும் நெற்றி மூலைகளும் மாறவே இல்லை. இந்த 3 மில்லிமீட்டரை ஊசிக்கு மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதில் பங்குண்டு.

பத்தாம், பதினோராம் மாதங்களில் பொடுகு அதிகமாகித் தலை புண்ணானதால் ஊசியை நிறுத்தி, மினாக்ஸிடிலை மட்டும் தொடர்ந்தேன். வகிடு அகலவில்லை. பதின்மூன்றாம் மாதம் ஊருக்குப் போன இடத்தில் மினாக்ஸிடில் ஐந்து வாரம் விட்டுப்போனது. அடுத்த இரண்டு மாதம் சீப்பு நிறைய முடி. என் தலையைப் பொறுத்தவரை அஸ்திவாரம் மருந்துதான். ஊசி அதன் மேல் எழுப்பிய சுவர்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மருத்துவமனையில் போட்டுக்கொள்கிறேன். பழைய உருளையை, ஊசிகள் வளைந்திருந்ததால், மூடியுள்ள டப்பாவில் அடைத்து எறிந்துவிட்டேன். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் மினாக்ஸிடில் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஊசியைத் தொடவே கூடாது. ஒருவர் பயன்படுத்திய ஊசி உடன்பிறந்தவருக்கே ஆனாலும் ஆகாது, மஞ்சள் காமாலைக் கிருமி அதில் தொற்றும்.

காரிமங்கலத்தில் இருக்கும் என் தங்கை சென்ற வாரம் வந்து, தனக்கும் வகிடு விரிகிறது, எங்கே ஊசி போடுகிறாய் அக்கா என்று கேட்டாள். முதலில் ஃபெரிட்டின் பார்த்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.