மக்கும் சருகுக்கு வளைகோடு: ஐந்து வருட அனுபவம்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகு எத்தனை மாதத்தில் மக்குகிறது என்று பார்க்கப் போய்த்தான், குறையும் எடைக்கு வளைகோடு பொருத்தும் இந்தக் கணக்கு பழக்கமானது. எடை போட்ட சருகை நைலான் வலைப்பையில் கட்டி மரத்தடியில் போட வேண்டும். மாதாமாதம் சில பைகளை எடுத்து சேலத்துக்குக் கொண்டுவந்து, மண்ணைத் தட்டி, உலர்த்தி, மறுபடி எடை பார்க்க வேண்டும். இருப்பதில் எப்போதும் ஒரே விகிதம்தான் குறையும் என்பது 1963-இல் சூழலியலாளர் ஓல்சன் கொடுத்த மாதிரி. அந்த விகிதம்தான் 'கே'. 0.693-ஐ அதால் வகுத்தால் அரை ஆயுள், அதாவது சருகு பாதியாகும் காலம். கே மாதத்துக்கு 0.1 என்றால் ஏறக்குறைய 7 மாதம்.

முதல் இரண்டு வருடம் எக்செல்தான். ட்ரெண்ட்லைனில் எக்ஸ்பொனென்ஷியலைத் தட்டினால் கோடு வந்துவிடும், அது எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயரும் அழகாக இருக்கும். ஆனால் அது உள்ளே எடைகளுக்கு இயல் மடக்கை (லாக்) எடுத்து நேர்கோடு போடுகிறது. காட்டும் ஆர்-ஸ்கொயரும் அந்த மடக்கைக் கணக்குக்கானது. இதில் என்ன வம்பு? 20 கிராம் 19 ஆனால் மடக்கை 0.05 மாறும். 2 கிராம் 1 ஆனால் 0.69. அதாவது கடைசிப் பையில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் மொத்தக் கோட்டையும் இழுத்துவிடும். எனக்கு இழுத்தது. அறிக்கை கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஆர் என்ற புள்ளியியல் மொழியில் வளைகோடு பொருத்தும் என்எல்எஸ் கட்டளை. எடையை எடையாகவே வைத்துப் பொருத்தும், ஆனால் தொடக்க மதிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். குத்துமதிப்பாகக் கொடுத்தால் 'சிங்குலர் கிரேடியன்ட்' என்று பிழை காட்டி முறைத்துக்கொள்ளும். பழைய மடக்கைக் கோட்டின் சரிவையே தொடக்கமாகக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. (சோதனைக்கென்று பிசிறே இல்லாமல் கோட்டில் அச்சாக உட்காரும் எண்களைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கும் அடம்பிடிக்கும்.)

இன்னொன்று, சருகு பூஜ்யம்வரை போவதில்லை. எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருள் மிகுந்த நரம்புகள் அப்படியே கிடக்கும். அதற்காக, மக்காமல் மிஞ்சும் எடையை அடிமட்டம் என்று சேர்த்தால் கோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆறு மாதத் தரவை வைத்துக்கொண்டு அடிமட்டத்தையும் கே-யையும் சேர்த்துக் கேட்டால் இரண்டுமே ஆடும். நம்பிக்கை இடைவெளியை, அதாவது மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதைப் பார்த்தாலே தெரியும். குறைந்தது ஒன்றரை வருடமாவது பைகள் கிடக்கட்டும் என்பது என் கணக்கு. அடிமட்டம் சேர்த்த பிறகு 0.693 சூத்திரம் மக்குகிற பங்குக்கு மட்டுமே பொருந்தும். மொத்த எடையின் பாதிக்கு அதைச் சொல்லக் கூடாது.

மண் விஷயத்தில் எந்த மென்பொருளும் கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு பைச் சருகிலும் கொஞ்சம் எடுத்து உலையில் எரித்து, மண்ணும் சேர்ந்து மிஞ்சும் சாம்பல் எடையைக் கழிக்கிறேன். இலைக்கே சொந்தச் சாம்பல் உண்டு என்பதால் முதல் நாள் சருகுக்கும் அதே கழிப்பு.