ஆல்டர்னேட்டர்: பழுது பார்ப்பதா, புதிது போடுவதா?

பழைய மாருதி 800-இல் இன்ஜின் ஓடும்போதும் டேஷ்போர்டு பேட்டரி விளக்கு அணையவில்லையா? பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ வேறெதையுமோ கழற்றும் முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியென்றால் அப்புறம்தான் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகம்.

செலவு
பழுது: கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங், கூலி. அவ்வளவுதான்.
புதிது: அதைவிடப் பல மடங்கு.

எவ்வளவு நாள் உழைக்கும்
பழுது: கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (ஸ்டேட்டர் காயில்) கருகியிருந்தால் மட்டும் பழுது பார்க்க வேண்டாம்.
புதிது: நல்ல கம்பெனிப் பொருள் என்றால் கவலையில்லை. மலிவான போலியைவிட ஒரிஜினலைப் பழுது பார்ப்பதே மேல் என்பேன்.

நேரம்
பழுது: வண்டி ஒரு நாளாவது நிற்கும்.
புதிது: சில மணி நேரம்.

ஊருக்குள் ஓட்டுபவர்களுக்குப் பழுது பார்ப்பதே போதும். இரவில் நெடுந்தூரம் போகிறவர்கள் புதிதே போடுங்கள். எதைச் செய்தாலும், இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்க யாரையும் விடாதீர்கள், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடும்.