ஸ்பிரின்ட்டா, ஒலிம்பிக் தூரமா? வேலைக்குப் போகிறவர்களின் டிரையத்லான் கணக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்க உட்கார்ந்தால் முதலில் வருகிற கேள்வி, எந்தத் தூரம் என்பதுதான். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்தில் எல்லாமே இரு மடங்கு: 1,500 மீட்டர், 40, 10. சென்னையில் ஓடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "ஸ்பிரின்ட் எல்லாம் சும்மா டிரையல்ங்க, நேரா ஒலிம்பிக் போடுங்க" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். இரண்டையும் போட்டியில் முடித்திருக்கிறேன். வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் பயிற்சி செய்கிற நமக்கு ஸ்பிரின்ட்தான் சரியான போட்டி என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அலெக்ஸ் யீ முழு ஒலிம்பிக் தூரத்தையும் 1 மணி 43 நிமிடம் 33 நொடியில் முடித்தார். பெண்களில் கசாண்ட்ர் போகிராண்டுக்கு 1:54:55. இப்போது நம் கணக்கு. நூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்று நீந்தினால் 750 மீட்டருக்கு 19 நிமிடம். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் 43 நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று ஓடினால் 30. நடுவில் உடை, ஷூ மாற்ற ஒரு ஐந்து நிமிடம். ஆக மொத்தம் 1 மணி 37 நிமிடம். அவர்கள் உடம்பை எவ்வளவு நேரம் உச்சத்தில் வைத்திருக்கிறார்களோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் நாம் ஸ்பிரின்ட்டில் வைத்திருக்கிறோம். அவர்கள் கூட்டமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி சைக்கிள் ஓட்டலாம், நமக்கு அந்த அனுமதி பெரும்பாலும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆள் ஒலிம்பிக் தூரத்துக்குப் போனால் வேகம் கொஞ்சம் குறைந்து 3 மணி 20 நிமிடம் ஆகும். அது வேறு ஒரு விளையாட்டு. அங்கே வேகத்தைவிடப் பொறுமைக்குத்தான் மதிப்பு.

இதில் வெயிலைச் சேர்க்காமல் பேச முடியாது. காலை ஆறு மணிக்குப் போட்டி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரின்ட்காரர் ஏழு மணி வாக்கில் ஓட ஆரம்பித்து, 7:40-க்குள் கோட்டைத் தாண்டி இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். ஒலிம்பிக்காரர் சைக்கிளை விட்டு இறங்கவே எட்டே கால் ஆகிவிடும். பத்து கிலோமீட்டரை அவர் ஓடுவது எட்டே கால் முதல் ஒன்பதே கால் தாண்டும் வரை. கடலோரத்தில் அந்த நேரத்துப் புழுக்கத்தில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, அதனால் உடம்பு குளிர்வதும் இல்லை. ஓட்டத்தின் பாதியிலேயே பலர் நடக்க ஆரம்பிப்பதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு மட்டும் கிடையாது. தூரம் இரு மடங்குதான், ஆனால் நம் ஊரில் பாடு மூன்று மடங்கு.

சரி, நீச்சல். நம்மில் பெரும்பாலானவர்கள் ஓட்டத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ வந்தவர்கள். நீச்சலை முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவர்கள். 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 நீளம், 1,500 என்றால் 60. குளத்தில் எண்ணிக்கை மட்டும்தான் வித்தியாசம். ஏரியிலோ கடலிலோ நிலைமை வேறு. அடியில் கறுப்புக் கோடு இருக்காது, பிடித்து மூச்சுவாங்கச் சுவர் இருக்காது, நாலாப் பக்கமும் கை கால்கள் மேலே விழும். ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி பாதையைக் காட்டும் மிதவை எங்கே என்று பார்க்கவில்லையென்றால் 750 மீட்டர் தானாக 900 ஆகிவிடும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) போட்டால் மிதக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் போனால் இந்தத் தூரங்களில் நம்மைப் போன்ற வயதுப் பிரிவுப் போட்டியாளர்களுக்கு அது தடை. வங்கக் கடல் வருடம் முழுக்க அதற்கு மேல்தான் இருக்கிறது.

பயம் வந்தால் என்ன செய்வது? மல்லாந்து படுக்கலாம், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் அடிக்கலாம், பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கை (சின்னத் துடுப்புப் படகு) பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். இப்படி இரண்டு மூன்று தடவை நின்று நின்று போனாலும் 750 மீட்டரைக் கரை சேர்த்துவிடலாம். 1,500-ல் அதே ஆள் கரைக்கு வரும்போது தோள் ஓய்ந்திருக்கும், கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம், நெருங்கியிருக்கும், மனதும் தளர்ந்திருக்கும். கடலில் முதல்முறை இறங்குகிறவருக்கு ஒலிம்பிக் தூரத்தை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டிரான்சிஷன், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம். தண்ணீரிலிருந்து எழுந்து ஓடி வருகிறோம். ஆடிக்கொண்டே வருகிறோம் என்பதுதான் சரி, படுத்த நிலையிலிருந்து திடீரென்று நிமிர்ந்ததில் தலை லேசாகச் சுற்றும். ரேக்கில் தொங்கும் சைக்கிள்களில் நம்முடையது எது என்று கண் தேடும். பாதத்தில் ஒட்டிய மணலைத் துண்டில் தேய்த்து, பவுடர் போட்டு வைத்த ஷூவுக்குள் ஈரக்காலை நுழைத்து, ஹெல்மெட்டை மாட்டி அதன் கொக்கியை 'டிக்' என்று பூட்ட வேண்டும். கொக்கி பூட்டாமல் சைக்கிளை ரேக்கிலிருந்து எடுத்தால் தண்டனை. ஊறிப்போன விரல்களுக்கு அந்தச் சின்னக் கொக்கி படுத்துகிற பாடு இருக்கிறதே! சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏறலாம். திரும்பி வந்ததும் சைக்கிளை ரேக்கில் மாட்டிவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றலாம்.

இந்த இரண்டு இடங்களிலும் சேர்த்து இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்தால் என்ன லாபம்? அதே இரண்டு நிமிடத்தை 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் எடுக்க வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு 24 நொடி வேகம் கூட்ட வேண்டும். நீச்சலில் எடுக்க வேண்டுமென்றால் நூறு மீட்டருக்கு 16 நொடி. அதற்கு மாதக்கணக்கில் குளத்தில் கிடக்க வேண்டும். டிரான்சிஷனில் அதை மொட்டை மாடியில் ஒரு துண்டை விரித்து, பழைய ஷூவை வைத்து, சாயங்காலங்களில் பழகியே வாங்கிவிடலாம். ஒலிம்பிக் தூரத்திலும் அதே இரண்டு நிமிடம் கிடைக்கும், ஆனால் மூன்றேகால் மணி நேரத்தில் அது கரைந்துபோகும்.

சைக்கிள் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 கிலோமீட்டருக்கு வீட்டில் இருக்கும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் போதும். மணிக்கு 25 போகிறவருக்கும் 28 போகிறவருக்கும் இடையே ஐந்து நிமிடம்தான். 40-க்கு அது பத்து நிமிடம் ஆகிறது, முதுகும் கழுத்தும் சேர்ந்து கேள்வி கேட்கும், ரோட் பைக் (வேகத்துக்கான மெல்லிய டயர் சைக்கிள்) வாங்கும் ஆசையும் வரும். இரண்டிலும் முன்னால் போகிறவரிடமிருந்து 10 மீட்டர் தள்ளியே ஓட்ட வேண்டும். முந்துவதென்றால் 20 நொடிக்குள் முந்திவிட வேண்டும். பஞ்சர் ஆனால் மட்டும் ஸ்பிரின்ட்டில் கதை முடிந்த மாதிரிதான், ஒலிம்பிக்கில் டியூப் மாற்றிக்கொண்டு தொடர நேரம் இருக்கிறது.

இறங்கி ஓடும்போது முதல் கிலோமீட்டரில் கால் நம் பேச்சைக் கேட்காது. இவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே இருந்த தொடை, உடம்பின் எடையைத் தாங்கித் தரையைத் தள்ளப் பழகவே சில நிமிடம் ஆகும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர் அப்படிப் போவது பெரிய பங்கு. அதனால் சைக்கிள் ஓட்டிய கையோடு இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பழகும் 'பிரிக்' பயிற்சிக்கு ஸ்பிரின்ட்டில் உடனடிப் பலன் தெரியும்.

சாப்பாடும் வேறு. தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒன்றரை மணி நேரத்துக்குத் தாக்குப் பிடிக்கும், ஸ்பிரின்ட்டுக்குக் காலையில் ஒரு வாழைப்பழமும் சைக்கிளில் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். ஒலிம்பிக் தூரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், உப்பும் வேண்டும். ஓடும்போது வயிறு அதை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். அது தனிப் பாடம்.

அப்புறம் வீட்டுக்கணக்கு. வாரம் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் ஸ்பிரின்ட்டை நன்றாகவே செய்யலாம். ஒலிம்பிக்குக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். அந்தக் கூடுதல் நேரம் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்துதான் வரும், அதாவது பிள்ளைகளிடமிருந்து. ஸ்பிரின்ட் முடித்த இரண்டு மூன்று நாளில் திரும்பக் குளத்துக்குப் போய்விடலாம். ஒலிம்பிக்குக்குப் பிறகு எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் படியிறங்குவதே சிரமமாக இருந்தது. சீக்கிரம் தேறுவதால் ஒரு பருவத்தில் பல ஸ்பிரின்ட்கள் போகலாம், போகப் போகக் கடல் பயமும் குறையும்.

ஒலிம்பிக் தூரம் யாருக்கு? நீளமாக, நிதானமாக உழைப்பதில் சந்தோஷம் காண்கிறவர்களுக்கு. பாதி அயர்ன்மேன் என்கிற இன்னும் நீண்ட டிரையத்லான் கனவு இருப்பவர்களுக்கும் அது அவசியம், அங்கே 1.9 கிலோமீட்டர் நீந்திவிட்டு 90 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். நிற்காமல் 1,500 மீட்டர் நீந்த முடிகிறதா, 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு உடனே 5 கிலோமீட்டர் நடக்காமல் ஓட முடிகிறதா என்று ஒரே வாரத்தில் சோதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகப் பெயர் கொடுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் இந்தப் பருவம் ஸ்பிரின்ட்டையே வேகமாக ஓடுங்கள்.