திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டு ஆயில் கடை: காரின் மேனுவலோடு போங்கள்

போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களும் லாரிக்காரர்களும் பேரல் பேரலாக வாங்கிப் போகும் கடை அது, காருக்கு அஞ்சு லிட்டர் கேட்டு வருகிறவனை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். கல்லாவில் இருந்த அண்ணன் விலையே சொல்லவில்லை. முதலில் கேட்டது, "ஏனுங்க, வண்டி புக்கு கொண்டாந்தீங்களா?"

என்னுடையது 2021 மாடல் டீசல் கார், பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆயில் சர்வீஸையும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் செய்திருந்தேன். நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும் என்று 15டபிள்யூ-40 ஊற்றி அனுப்பினார்கள். புகைக் கரியைப் பிடிக்கும் பில்டர் அடைத்தால் டாஷ்போர்டில் எரியும் டிபிஎஃப் லைட், எப்போதாவது எரிந்துகொண்டிருந்தது, அப்புறம் வாரா வாரம் எரிய ஆரம்பித்தது, டவுனுக்குள்ளேயே ஓட்டுவதால்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அண்ணன் பழைய பில்லை வாங்கிப் பார்த்தார். "சிஐ-4 தர ஆயில் ஊத்தியிருக்காங்க. லாரிக்கு நல்ல ஆயிலுங்க, உங்க வண்டிக்கு ஆகாது." புகை போகும் வழியில் இருக்கும் டிபிஎஃப் பில்டரில் டீசல் கரி சேரும், சூடு ஏறும்போது அது தானாக எரிந்துவிடும். ஆனால் ஆயிலில் சேர்த்திருக்கும் அடிட்டிவ் எரிந்தால் சாம்பல்தான் மிச்சம். "கரி எரிஞ்சு போயிருமுங்க, சாம்பல் எங்கீங்க போகும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

என் மேனுவலில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஆயில் தரம்) என்று இருக்கிறது. ஒரு கேனைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தில் அந்த சி3 இருக்கும் இடத்தை நகத்தால் கீறிக் காட்டினார். சி3 என்றால் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லாரி ஆயிலில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேலே இருக்கும். பின்னால் வரும் எண் முப்பது என்றால் தண்ணியாக இருக்குமே, மே மாதத்துக்குத் தாங்குமா என்று கேட்டேன். இன்ஜின் சூடானபின் ஆயில் எப்படியும் நூறு டிகிரிப் பக்கம் போய்விடும், வெளியே முப்பதா நாற்பதா என்பது அதற்குப் பெரிய விஷயம் இல்லை, அதோடு 150 டிகிரியிலும் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்க வேண்டும் என்று சி3-க்குத் தனி அளவே இருக்கிறது என்றார். முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிரில் ஓடும் தன்மைக்கு, அது சின்னதாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

கடைக்குப் பக்கத்து ஷெட்டிலேயே மாற்றிக்கொடுக்கிறார்கள். கேன் சீலை என் கண் முன்னால்தான் உடைத்தார்கள், பில்டரும் டிரெயின் வாஷரும் புதுசு. ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, அஞ்சு நிமிஷம் காத்திருந்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார் பையன், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்தது. காலி கேனில் ஆணி வைத்து அடித்து இரண்டு ஓட்டை போட்டார். யாராவது எடுத்துப் போய் டூப்ளிகேட் ஆயில் அடைத்துவிடக் கூடாதாம்.

குறை என்றால் விலைதான், லாரி ஆயிலைவிட லிட்டருக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூட வந்தது. அப்புறம் சி3 எப்போதும் ஸ்டாக் இருப்பதில்லை, நான் ஒரு தடவை வெறும் கையோடு திரும்பினேன்.

மாற்றி ஏழு மாதம் ஆகிறது. ஏற்கெனவே அடைந்த சாம்பல் போகாது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார், இனி சேராமல் பார்த்துக்கொள்ளலாம், வாரம் ஒரு தடவை சேலம்–கோவை ரோட்டில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள் என்றார். அப்படியே ஓட்டுகிறேன், லைட் இதுவரை இரண்டு தடவைதான் எரிந்தது. போகிறவர்கள் முதல் நாளே போன் செய்து கேன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஞாயிறு கடை லீவு.