ஆற்று மணலுக்கு இந்த மறைகூடாரம் தாங்குமா?

வட இந்தியாவின் சம்பல் ஆற்று மணல்திட்டில், மணலிலேயே முட்டையிடும் ஆற்று ஆலாப் பறவையையும் அதன் குஞ்சுகளையும் ஒளிந்திருந்து படமெடுக்க இந்த ஒற்றை ஆள் மடக்குக் கூடாரம் போதும், ஆனால் அப்படியே அல்ல. கூட வரும் குட்டை முளைகள் உலர்மணலில் நிற்கவே நிற்காது. மணல் நிரப்பிய பைகளைக் கயிற்றில் கட்டி முழங்கை ஆழம் புதையுங்கள். துணி தளர்ந்து படபடத்தால் தாய் எழும்பிவிடும், வெயிலில் முட்டை வெந்துபோகும். வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் காட்சிக்கு லென்ஸ் தரையோடு இருக்க வேண்டும். இதன் சாளரமோ உட்கார்ந்தவர் கண்மட்டத்தில்! கீழே இன்னொரு திறப்பு வெட்டி வலை தைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் நிறுத்தி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். விடியுமுன் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கானல் படத்தைக் கலைத்துவிடும். சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி முதலில்.