புட் ஆஃப், கால் ஆஃப்: தள்ளிவைப்பா, ரத்தா?

2020-இல் கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. விம்பிள்டன் அந்த ஆண்டு நடக்கவே இல்லை. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'புட் ஆஃப்' (put off), இரண்டாவதற்கு 'கால் ஆஃப்' (call off).

'புட் ஆஃப்' என்றால் வேறு நாளில் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. அதனால் பின்னால் 'அன்டில்' போட்டுத் தேதி சொல்லலாம்: 'தே புட் ஆஃப் த மீட்டிங் அன்டில் ஃப்ரைடே'. 'கால் ஆஃப்' உடன் அப்படிப் புதுத் தேதி ஒட்டாது. கூட்டம் ரத்தாகிவிட்டது, அவ்வளவுதான். பொதுவாக ரத்து செய்யும் அதிகாரம் உள்ளவரே இங்கே எழுவாய்: அமைப்பாளர், நடுவர், போலீஸ்.

அதிகம் சறுக்கும் இடங்கள் இரண்டு. 'இட்', 'தெம்' போன்ற சொற்கள் நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆஃப்', 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்' தவறு. அடுத்தது, 'புட் ஆஃப்'புக்குப் பின் வினைச்சொல் வந்தால் அதற்கு 'இங்' விகுதி வேண்டும்: 'ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்'. இங்கே 'டு கோ' என்று எழுதுவதை நம் மாணவர்களிடம் நிறையப் பார்க்கலாம். கட்டாயம் திருத்த வேண்டிய பிழை.

'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்பதில் தள்ளிவைப்பே கிடையாது. நாற்றத்தால் வெறுத்துப்போனது என்று பொருள்.