'செலக்ட் ஆயிட்டான் சார்' என்று போன் வந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

என் பையன் கோல்கீப்பர். இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

போன ஏப்ரலில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஐரோப்பிய கால்பந்து கிளப் ஒன்றின் 'யூத் அகாடமி' இந்தியாவில் பையன்களைத் தேடுகிறதாம், சென்னையில் ஒருநாள் டிரையல், பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். பையனுக்கு 14 வயசு. பெரம்பூர் பக்கம் வாடகைக்கு விடும் டர்ஃப் ஒன்றில் கூட்டிப்போய் நிறுத்தினேன். இருநூறு பையன்களாவது இருப்பார்கள். முதுகில் நம்பர் ஒட்டி, டீம் பிரித்து, ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆட்டம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் என் பையன் பந்தைத் தொட்டது இரண்டே தடவை. ஒன்று அவன் டீம் பையனே திருப்பித் தட்டிவிட்ட பேக் பாஸ். இன்னொன்று, வெளியே போன பந்தை எடுத்துவந்து வைத்து உதைத்த கோல் கிக். கோலை நோக்கி ஒரு ஷாட்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் போன். "சார், உங்க பையன் செலக்ட் ஆயிட்டான்."

எதை வைத்து என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருப்பது வியாசர்பாடி. ஊரே 'சின்ன பிரேசில்' என்று சொல்லும் ஏரியா. தனபால் கணேஷ் மாதிரி ஆட்கள் இந்தத் தெருக்களில் ஆடி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போயிருக்கிறார்கள். அதனால் இங்கே எந்த அப்பனுக்கு இப்படி ஒரு போன் வந்தாலும் நம்பத்தான் தோன்றும். செலக்‌ஷன் லெட்டர் வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன். கம்பெனியில் சூப்பர்வைசர் முதல் கேன்டீன் அக்கா வரை வாழ்த்து. பிற்பாடு சந்தேகம் வந்தபோதெல்லாம் வாயைக் கட்டியது அந்த ஸ்டேட்டஸ்தான்.

பையனுக்கு ஏழு வயசிலிருந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மட்டும் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ கேக்கறாங்க தம்பி?" என்றார். சொன்னேன். "காசு கேக்கறாங்களா? அப்ப செலக்‌ஷன்னு ஏன் சொல்றாங்க?" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அதற்காக அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

எழும்பூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் பெற்றோர் கூட்டம் நடந்தது. டை கட்டிய ஒருவர் திரையில் படம் காட்டினார். பழைய கல் வீடு ஒன்று. பார்சிலோனாவின் லா மாசியா, மெஸ்ஸி வளர்ந்த இடம், நம்ம பசங்களும் நாளைக்கு இந்த மாதிரி இடத்தில்தான் தங்குவார்கள் என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மனைவிக்கு அனுப்பினேன். அந்த வீட்டின் கதையைப் பிற்பாடுதான் படித்தேன். 1702இல் கட்டிய பண்ணை வீடு அது. 1979 முதல் வெளியூர்ப் பையன்கள் தங்க விடுதியாக இருந்தது. 2011லேயே விடுதியை சான் ஜோவான் டெஸ்பியில் உள்ள பயிற்சி வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு பையனும் தங்குவதில்லை. (அந்த கிளப்புக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படம் இன்டர்நெட்டில் எடுத்தது.)

கட்டிய பணம்: டிரையலுக்கு 1,500, கிட்டுக்கு 9,000, 'போன் ஏஜ் டெஸ்ட்' (எலும்பு வயசு டெஸ்ட்) 3,000, பெங்களூரு புறநகரில் மூன்று மாத ரெசிடென்ஷியல் கேம்ப்புக்கு 1,20,000. ஆகமொத்தம் 1,33,500. அந்த எலும்பு டெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. வயசு ஏமாற்றாமல் இருக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் டிடபிள்யூ3 என்ற முறை உண்மையிலேயே இருக்கிறது, நம் கால்பந்து சம்மேளனமும் அதைப் பயன்படுத்துகிறது. இவர்கள் சும்மா ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிசல்ட்டை இன்றுவரை கண்ணில் காட்டவில்லை. நிஜமான சொற்களை அங்கங்கே தூவிவிடுவதுதான் இவர்கள் திறமையே.

கேம்ப்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பையன்கள். டயட் சார்ட்டில் தினம் இரண்டு முட்டை, பாதாம், சிக்கன். தட்டில் சேமியா உப்புமா. முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டாம் மாத முடிவில் 'பிளேயர் அசெஸ்மென்ட் ரிப்போர்ட்' என்று கலர் பிரிண்டில் ஒரு தாள் வந்தது. ஃபினிஷிங் (கோல் அடிப்பது) 8, கிராஸிங் (ஓரத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்புவது) 7, ஹெட்டிங் (தலையால் முட்டுவது) 7. "பெனால்டி ஏரியாவுக்குள் இன்னும் துணிச்சலாக ஓட வேண்டும்" என்று கோச்சின் குறிப்பு. பந்தைப் பிடிப்பதைப் பற்றி, டைவ் அடிப்பதைப் பற்றி, ஒரு வரி இல்லை.

போன் போட்டேன். "அது ஓவரால் ரிப்போர்ட் சார், மாடர்ன் கோல்கீப்பர்னா எல்லாம் தெரியணும்" என்றார் கோஆர்டினேட்டர். பக்கத்துப் படுக்கைப் பையன் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அவன் ரிப்போர்ட்டை அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே 8, அதே 7, அதே 7. அதே துணிச்சல்.

அன்றைக்கே கூட்டிவந்திருக்க வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே என்று இன்னும் மூன்று வாரம் விட்டுவைத்தேன். அதற்குள் அடுத்த பில் வந்தது. 'ஸ்பெயின் டிரையல் டூர்', 4,50,000 ரூபாய், அங்கே ஒரு கிளப் பையனை நேரடியாக ஒப்பந்தம் செய்ய வாய்ப்பு.

லோன் போடுவதற்காக கம்பெனியில் ஹெச்ஆரிடம் பேசியபோது அவர்தான் ஃபிஃபா விதியைத் தேடிப் பாருங்கள் என்றார். பார்த்தேன். வீரர்களின் டிரான்ஸ்ஃபர் விதிகளில் 19ஆவது பிரிவு. 18 வயசு ஆகாதவனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப் பதிவு செய்யக்கூடாது. விலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால், ஐரோப்பிய யூனியனுக்குள்ளேயே 16 வயசுக்கு மேற்பட்டவன் மாறினால், எல்லை ஓரத்தில் இரண்டு பக்கமும் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால், இப்படிச் சில. வியாசர்பாடியில் இருக்கும் 14 வயசுப் பையன் இதில் எதிலும் வரமாட்டான். இந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனாவுக்கே புது வீரர்களை எடுக்கத் தடை போட்டார்கள். பிறகு ரியல் மாட்ரிட், அட்லெடிகோ, 2019இல் செல்சி. அவ்வளவு பெரிய கிளப்புகளே மாட்டிக்கொண்ட விஷயத்தை இந்த டை கட்டியவர் 4,50,000க்கு முடித்துத் தருகிறாராம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில்தான் மாஸ்டர் கேட்ட கேள்வி புரிந்தது. நிஜமான கிளப் அகாடமியில் பணம் கிளப்பிலிருந்து பையன் பக்கம் போகிறது. தங்க இடம், சாப்பாடு, கோச், பிஸியோ எல்லாம் அவர்கள் செலவு. தர்மத்துக்கு இல்லை. அவன் பெரியவனாகி அவர்கள் டீமிலேயே ஆடினால் லாபம். வேறு கிளப்புக்கு விற்றாலும் லாபம். ஃபிஃபா விதிப்படி ஒரு வீரன் ஒப்பந்த காலத்துக்குள் கைமாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயசு வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகும். அதற்கு அவன் எந்த வருஷம் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற கணக்கு வேண்டும். அதனால் உண்மையிலேயே பையனை வைத்திருக்க நினைப்பவன் முதலில் செய்வது பதிவு. இந்தியாவில் சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்ற ஆன்லைன் பதிவு முறை இருக்கிறது. அதில் இல்லாமல் சம்மேளனத்தின் யூத் லீக் மேட்ச் ஆட முடியாது. என் பையனின் சிஆர்எஸ் நம்பரை மூன்று மாதமாகக் கேட்டேன். "பிராசஸ்ல இருக்கு சார்." இன்றைக்கும் பிராசஸில்தான் இருக்கிறது.

ஜாம்ஷெட்பூரில் 1987 முதல் டாடா ஃபுட்பால் அகாடமி நடக்கிறது. அங்கே தேர்வாகும் பையனின் செலவை அகாடமியே ஏற்கிறது. நம் ஊரிலேயே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன, கால்பந்துக்கும் சேர்த்து ஓப்பன் செலக்‌ஷன் வைக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கிற வயசில் என் பையன் இருந்தான். நான் டர்ஃபில் க்யூவில் நின்றேன்.

பெரிய வெளிநாட்டு கிளப்புகள் தங்கள் பெயரில் கட்டணப் பயிற்சிப் பள்ளிகள் நடத்துவது உண்மைதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அது டியூஷன் சென்டர் மாதிரி. காசு கட்டினால் சொல்லித்தருவார்கள். அங்கே சேர்வதற்கும் அந்த கிளப்பின் அகாடமியில் இடம் கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை. டியூஷனில் சேர்ந்ததை யாராவது 'செலக்‌ஷன்' என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் சம்மேளனம் அங்கீகாரமும் ஸ்டாரும் கொடுத்த அகாடமிகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவர்கள் பெயர் இல்லை. பத்து நிமிஷ வேலை, பணம் கட்டிய பிறகு பார்த்தேன்.

இனி பணத்தைத் திரும்ப வாங்கும் கதை. ரசீதை எடுத்துப் பார்த்தால், எங்கோ ஒரு டிரஸ்டின் பெயரில் 'விளையாட்டு வளர்ச்சி நன்கொடை' என்று இருக்கிறது. கட்டணம் என்ற சொல்லே இல்லை. நன்கொடை கொடுத்தவன் சேவை சரியில்லை என்று எப்படிக் கேட்பான்? ஜிபேயில் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. நல்லவேளை, "கேம்ப் ஃபீஸ் கட்டிட்டீங்களா சார்" என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ்களை நான் அழிக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. நோட்டீஸ் போயிருக்கிறது.

கேம்ப்பில் இருந்த மற்ற பெற்றோர்களைக் கூப்பிட்டேன். பதினோரு பேரில் இரண்டு பேர்தான் சேர்ந்து புகார் கொடுக்கச் சம்மதித்தார்கள். "விடுங்க சார், சொந்தக்காரங்க சிரிப்பாங்க" என்றார் ஒருவர். அவரும் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஹெச்எம் நல்ல மனுஷி, பேரை எடுக்காமல் வைத்திருந்தார். பையன் மறுபடி ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் மாஸ்டரிடம் போகிறான். வந்த முதல் நாள் அவர் ஒன்றும் கேட்காமல், எதிரே நின்று இடதும் வலதுமாக நாற்பது பந்து உதைத்தார். மூன்று மாதத்தில் அவனுக்கு யாரும் அத்தனை பந்து உதைத்ததில்லையாம்.

போன வாரம் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். டிரையல் ஃபார்மில் குடும்ப விவரம் எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதில் என் சின்னப் பெண்ணின் பேரும் இருந்தது. "சார், பாப்பா ஃபுட்பால் ஆடுமா? கேர்ள்ஸ் பேட்ச் ஸ்டார்ட் பண்றோம், பிரதர் கோட்டால டிரையல் ஃப்ரீ." ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.